மறு: ‘ராம்ப் கம்ப்ரெஷன்’ தமிழில்: ‘ஏறுமுக இறுக்கம்’ என்று வைக்கலாம்

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஒரு பொருளை ஒரே அடியில் நசுக்காமல், அழுத்தத்தைத் தொடர்ச்சியாக ஏற்றி இறுக்கும் முறைதான் ‘ராம்ப் கம்ப்ரெஷன்’. அதற்கான தமிழ்ச் சொல் பற்றி நீங்கள் எழுதியவற்றுக்கு இது என் பதில்.

> ராம்ப் என்றால் சாய்தளம்தானே, ‘சாய்தள அமுக்கம்’ என்றே இருக்கட்டுமே?

புதுச்சேரி அக்காவுக்கு முதலில் பதில். அக்கா, அந்தச் சாய்வு வரைபடத் தாளில் மட்டும்தான் இருக்கிறது. நேரத்தை ஒரு அச்சிலும் அழுத்தத்தை இன்னொன்றிலும் போட்டால் கோடு சாய்வாக ஏறும், அவ்வளவுதான். இறுக்கப்படும் பொருளில் சாய்ந்த தளம் எதுவும் கிடையாது. கடலூரில் தமிழ்வழியில் படிக்கிற பிள்ளை இந்தச் சொல்லைப் பார்த்தால், பலகையைச் சாய்த்து வைத்து எதையோ நசுக்குகிறார்கள் என்றுதான் நினைக்கும்.

சொல்லைத் தேடும் முன் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 கற்றைகள் கொண்ட ராட்சத லேசர் இருக்கிறது. அதன் ஒளி தங்கத்தால் ஆன சிறு உருளையின் உள்சுவரில் பட்டு எக்ஸ் கதிராக மாறுகிறது, அந்தக் கதிர் மாதிரியின் (சோதிக்கப்படும் சிறு துண்டின்) மேற்பரப்பை ஆவியாக்கிப் பீறிடச் செய்ய, அதன் எதிர்விசை மீதியிருக்கும் பொருளை உள்நோக்கி இறுக்குகிறது. எல்லாம் சில பத்து நானோ நொடிக்குள் முடிந்துவிடும். 2014இல் இப்படித்தான் வைரத்தை 5 டெராபாஸ்கல், அதாவது சுமார் 5 கோடி வளிமண்டல அழுத்தம் வரை கொண்டுபோனார்கள். 2018இல் இரும்பை 1.4 டெராபாஸ்கல் வரை. பூமியின் மையத்தில் இருப்பதே சுமார் 0.36தான், ஆகவே இது பூமியைவிடப் பெரிய பாறைக் கோள்களின் உட்கருவைப் பற்றிப் பேசுகிற அளவு.

இதில் சூட்சுமம் எல்லாம் வேகத்தில் இருக்கிறது. ஒரே அடியாக அடித்தால் அதிர்ச்சி அலை பாயும், பொருள் இறுகும், ஆனால் கடுமையாகச் சூடும் ஆகும். அப்படி அடிக்கும்போது இரும்பு சுமார் 25 லட்சம் வளிமண்டல அழுத்தத்திலேயே உருகத் தொடங்கிவிடுகிறது. திண்மமாகவே வைத்துக்கொண்டு அதற்கு மேலே போகவேண்டுமென்றால் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) அதிகம் ஏறாமல், லேசரின் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: இறுகிய பகுதியில் ஒலி வேகமாகப் போகும், அதனால் பின்னால் வரும் உயர் அழுத்தம் முன்னால் போவதைத் துரத்திப் பிடித்து, மறுபடி அதிர்ச்சி அலையாகிவிடும். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் உச்சி முந்திக்கொண்டு முன்பக்கம் செங்குத்தாகி உடைகிறதே, அதே கதை. உடைவதற்குள் அளந்துவிட வேண்டும் என்பதால்தான் மாதிரி மைக்ரான் கணக்கில் மெல்லியதாக இருக்கிறது.

எனவே சொல்லில் வரவேண்டியது ‘அழுத்தம் தாவாமல் ஏறுகிறது’ என்ற ஒரு கருத்துதான். மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

‘படிநிலை அமுக்கம்’ என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் தம்பி. ஒவ்வொரு படியும் ஒரு குட்டி அதிர்ச்சி அலை, அதைத் தவிர்க்கத்தானே இவ்வளவு பாடும். அதோடு மாதிரியையே நிஜமாகப் படிப்படியான தடிமன்களில் செய்கிறார்கள். அலை ஒவ்வொரு படியின் பின்பக்கத்துக்கும் எப்போது வந்து சேர்கிறது, அந்தப் பரப்பு என்ன வேகத்தில் நகர்கிறது என்று இன்னொரு லேசரை வைத்துப் பார்த்துத்தான் அழுத்தத்தையும் அடர்த்தியையும் கணக்கிடுகிறார்கள். அந்தப் படிக்கும் இந்தப் படிக்கும் குழப்பம் வரும். அடுத்தடுத்துப் பல அதிர்ச்சிகள் கொடுக்கும் முறைக்கு வேண்டுமானால் ‘படி’யை ஒதுக்கி வைப்போம். ‘மென் அமுக்கம்’ என்ற யோசனையும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, 5 கோடி வளிமண்டலத்தில் மென்மை எங்கே இருக்கிறது?

அப்புறம் ‘அமுக்கம்’. புயல் செய்தி கேட்டே வளர்ந்த கடலூர்க்காரர்கள் ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்று சொல்வதுதான் இலங்கையில் ‘தாழமுக்கம்’. அங்கே அமுக்கம் என்றால் அழுத்தம். இரு கரையிலும் படிக்கும் சொல்லாக இருக்கவேண்டும் என்றால் ‘இறுக்கம்’ நல்லது, அணுக்கள் நெருங்கி வருவதையும் அது சொல்லிவிடுகிறது.

> ‘ஏறுமுகம்’ என்றால் அதிர்ச்சி அலையிலும் அழுத்தம் ஏறத்தானே செய்கிறது?

இல்லை ஐயா, அங்கே அது ஒரே தாவலில் உச்சத்தில் போய் நிற்கிறது. விலை ஏறுமுகமாக இருக்கிறது என்று சொல்லும்போது நாள்பட ஏறிக்கொண்டே போவதைத்தான் சொல்கிறோம். அந்தப் பொருள்தான் இங்கே தேவை.

ஆக, என் முன்மொழிவு: ‘அதிர்ச்சி இறுக்கம்’, ‘ஏறுமுக இறுக்கம்’ என்று இணையாக இரண்டு சொற்கள். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “அதிர்ச்சி இறுக்கத்தில் உருகிவிடும் இரும்பு, ஏறுமுக இறுக்கத்தில் திண்மமாகவே இருக்கிறது.” எனக்கு இது இடறாமல் ஓடுகிறது. ‘ஏறிறுக்கம்’ என்று சேர்த்து எழுதலாம் என்பவர்களோடு சண்டை இல்லை, ஆனால் முதல் முறை படிப்பவருக்குப் பிரித்து எழுதுவதே உதவும். லேசரை லேசராகவே விட்டுவிடலாம்.

மாற்றுச் சொல் தருபவர்கள் இதே வாக்கியத்தில் அதைப் பொருத்தி அனுப்புங்கள். ஞாயிறன்று தொகுத்துச் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.