கதவு விழுந்திருக்கிறது, வடையைக் காணோம், எலியையும் காணோம்

கேள்வி: கொல்லைப்புறம்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில், தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். தை மாதம் சம்பா அறுவடை முடிந்த கையோடு வீட்டுக்குள் எலித் தொல்லை தொடங்கியது. மூன்று வாரமாகியும் ஓயவில்லை.

முதலில் கடைத்தெருவில் ஒரு கம்பிக் கூண்டு வாங்கி, டீக்கடை மசால்வடையைக் கொக்கியில் மாட்டி அடுப்படியில் வைத்தேன். முதல் வாரத்தில் இரண்டு விழுந்தன. கொல்லக் கூடாது என்று அம்மா பிடிவாதமாகச் சொன்னதால், அவற்றைத் தெருக்கோடியில் விட்டு வந்தேன். அதன்பிறகு நடப்பதுதான் புரியவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் கூண்டின் கதவு விழுந்திருக்கிறது, வடையைக் காணோம், எலியையும் காணோம். தொடர்ந்து நான்கு நாட்கள் இப்படியே நடந்துவிட்டது.

இடையில் மருந்துக் கட்டி வாங்கிப் பரணில் வைத்தேன். ஐந்தாம் நாள் கூடம் முழுவதும் நாற்றம். ஓட்டைப் பிரித்து, உத்திரத்துக்கும் சுவருக்கும் இடையே செத்துக் கிடந்ததை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் இனி மருந்தே கூடாது என்று மனைவி சொல்லிவிட்டார். எலிகளை விரட்டும் ஒலியை எழுப்புவதாகச் சொல்லி விற்ற மின் கருவி ஒன்றையும் வாங்கிச் செருகியிருக்கிறேன். அது செருகியிருக்கும் இடத்துக்கு நேர் கீழேயே புழுக்கை கிடக்கிறது. இது தவிர, இரவில் அடுப்படிச் சுவரோரமாகக் 'கீச் கீச்' என்று கத்திக்கொண்டு ஏதோ ஒன்று ஓடுகிறது. அது போன இடத்தில் ஒருவித வாடை அடிக்கிறது.

நேற்று எரிவாயு அடுப்பின் ரப்பர் குழாயில் பல் பட்ட தடத்தைப் பார்த்ததும் உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. மருந்து வைக்காமல் இவற்றை ஒழிக்க வழி உண்டா? கூண்டிலிருந்து எலி எப்படித் தப்புகிறது?

பதில்: வரப்பு

முதல் வேலையாக அந்த ரப்பர் குழாயை இன்றே மாற்றிவிடுங்கள். உள்ளே கம்பி பின்னிய ஆரஞ்சு நிறக் குழாய் எரிவாயு முகவர்களிடமே கிடைக்கும். அதை எலியால் எளிதில் கடித்து அறுக்க முடியாது. பழைய குழாயில் பல் தடம் மேலோட்டமாகத்தான் இருக்கிறது என்று நினைத்து ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டாம்.

வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் எல்லாவற்றையும் 'எலி' என்று ஒரே பெயரில் அழைப்பதில்தான் குழப்பமே இருக்கிறது. உங்கள் வர்ணனையைப் படித்தால் வீட்டில் மூன்று வகைப் பிராணிகள் இருப்பதாகத் தோன்றுகிறது. ஓட்டுக்கடியில் செத்துக் கிடந்தது பெரும்பாலும் வீட்டெலியாக இருக்கும். உடலைவிட நீண்ட வாலுடன், உத்திரம், பரண், கொடிக்கயிறு என்று மேலேயே நடமாடும் சாதி அது. கூண்டில் வடையைத் தின்றுவிட்டுப் போவது சுண்டெலி. வாசலுக்கு வந்தவர் வாசல் வழியாகவே திரும்பிப் போவதுபோல அது கம்பிகளுக்கு இடையே புகுந்து போய்விடுகிறது. உங்கள் கூண்டின் இரண்டு கம்பிகளுக்கு இடையே ஒரு பென்சிலை நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால், அந்தக் கூண்டு வீட்டெலிக்காகச் செய்தது என்று பொருள். சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே சுண்டெலிக்குப் போதும், தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். முதல் வாரம் விழுந்த இரண்டும் அநேகமாகப் பெரிய எலிகளாக இருந்திருக்கும்.

புழுக்கையைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். சுண்டெலியின் புழுக்கை சீரகச்சம்பா அரிசி அளவில் முனை கூராக இருக்கும். வீட்டெலியுடையது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளம். ஒரு சுண்டெலியே ஒரு நாளில் ஐம்பதுக்கு மேல் புழுக்கை போடும் என்பதால், நிறையக் கிடக்கிறதே, நூறு எலி இருக்குமோ என்று மலைக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, கத்திக்கொண்டு சுவரோரம் ஓடி வாடையை விட்டுச் செல்வது மூஞ்சூறு. அது எலியே அல்ல. நீண்ட மூக்கும் சின்னஞ்சிறு கண்களும் கொண்ட பூச்சி தின்னி. கரப்பான், பூரான் போன்றவற்றைத் தின்பதால் அது இருப்பதில் உங்களுக்கு நன்மைதான். அடுப்படியில் சாமானைக் கடிப்பதும் அதுவல்ல. உங்கள் தாயார் அதை அடிக்க விடமாட்டார் என்று நினைக்கிறேன். பிள்ளையாரின் வாகனம் என்பதற்காக இல்லாவிட்டாலும், கரப்பானுக்காகவாவது அதை விட்டுவைக்கலாம்.

இப்போது பிடிக்கும் வழி. சுண்டெலி எதையும் முகர்ந்து பார்க்கும் குணமுடையது. புதிதாக ஒரு பொருளை வைத்தால் அன்றிரவே வந்து பார்த்துவிடும். வீட்டெலி அப்படியல்ல, புதுப் பொருளைக் கண்டால் சில நாட்கள் ஒதுங்கியே போகும். ஆகவே சுண்டெலிக்குப் பொறியை உடனே பூட்டலாம். வீட்டெலிக்கு மூன்று நாட்கள் பொறியைப் பூட்டாமல் இரையை மட்டும் வைத்துத் தின்னப் பழக்கிவிட்டு, நான்காம் நாள் பூட்ட வேண்டும். சுண்டெலிக்குச் சிறிய அடிபொறியோ, நெருக்கமான கண்ணுள்ள வலை அடித்த மரப்பெட்டிப் பொறியோ வாங்குங்கள். வடையைவிட, வறுத்த வேர்க்கடலையை நசுக்கிப் பொறியின் தட்டில் அப்பிவிடுவது நல்லது. வடையை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு ஓடிவிடும், அப்பியதைச் சுரண்டித்தான் தின்ன வேண்டும். தேங்காய்ச் சில்லைத் தணலில் வாட்டி நூலால் கட்டி வைத்தாலும் சரி. பொறி சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் பக்கம் சுவரைத் தொடும்படி இருக்கட்டும். சுண்டெலி சுவரை உரசிக்கொண்டே ஓடும், நடுக்கூடத்தில் வைக்கும் பொறி அதன் கண்ணில் படாது. கூட்டிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் அது பொதுவாகப் போவதும் இல்லை. ஆகவே ஒரு பொறியை வைத்துவிட்டுக் காத்திருப்பதைவிட, ஆறு பொறிகளை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக ஒரே இரவில் வைப்பது பலன் தரும். குழந்தை விழிப்பதற்குள் எல்லாவற்றையும் எண்ணி எடுத்துவிட வேண்டும்.

பிடித்த எலியைத் தெருக்கோடியில் விட்டால் அது உங்கள் வீட்டுக்கோ அடுத்த வீட்டுக்கோதான் வரும். கருவுற்ற மூன்றே வாரத்தில் ஐந்தாறு குட்டி போடுகிற பிராணி அது. அந்தக் குட்டிகளும் இரண்டு மாதத்துக்குள் குட்டி போடத் தயாராகிவிடும். தாயாரிடம் பக்குவமாகப் பேசிப் பாருங்கள்.

பதில்: ரசமட்டம்

மேலே ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் எத்தனை எலி பிடித்தாலும், வந்த வழியை அடைக்காவிட்டால் அடுத்த அறுவடைக்கு இதே கேள்வியை மறுபடி எழுதுவீர்கள். முப்பது ஆண்டுகளாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன், பழைய ஓட்டு வீடுகளைத்தான் அதிகம் பழுது பார்த்திருக்கிறேன்.

இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுக்குள் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, வெளியே இருட்டில் நின்று வீட்டைச் சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் எலிக்கு வாசல். பகலில் உள்ளே நின்று தேடினால் இவற்றில் பாதிகூடத் தெரியாது. வெளிச்சம் காட்டாத வளைந்த பொந்துகளும் உண்டு. அவற்றுக்கு, படுக்கப் போகும்முன் சுவரோரமாகக் கோலமாவை மெல்லியதாகத் தூவிவிடுங்கள். காலையில் காலடித் தடமும் நடுவே வால் இழுபட்ட கோடும் எங்கிருந்து தொடங்குகின்றன என்று பார்த்தால் போதும்.

நான் பார்த்த வீடுகளில் முக்கால்வாசிக்கு ஒரே இடம்தான்: அடுப்படித் தொட்டியின் கழிவுநீர்க் குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடம். குழாய் இரண்டு அங்குலம் என்றால் துளையை நான்கு அங்குலத்துக்குப் போட்டுவிட்டு, மேலே கொஞ்சம் சிமெண்டைப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். தொட்டிக்கு அடியில் குனிந்து விளக்கடித்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? பூச்சு இரண்டு மழையில் உதிர்ந்துவிடும். அந்தத் துளையில் பாத்திரம் தேய்க்கும் எஃகுக் கம்பிநாரை இறுக்கமாகத் திணித்து, அதன்மேல் சிமெண்டுக் கலவையைப் பூசுங்கள். துணியையோ தெர்மாகோலையோ திணித்தால் எலிக்குக் கூடு கட்டப் பஞ்சு கொடுத்ததாகிவிடும். தேங்காய் நாரும் உதவாது.

அடுத்தது கொல்லைக் கதவின் அடி இடுக்கு. தரைக்கும் கதவுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைந்தால், கதவின் அடியில் ஒரு தகரப் பட்டையை அடித்துவிடுங்கள். ஓட்டுக்கும் சுவர்த் தலைக்கும் இடையில் இருக்கும் சந்துகளைச் சிமெண்டு வைத்து மூட வேண்டாம், ஓட்டு வீட்டுக்குக் காற்று வர வேண்டும். கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை வெட்டி ஆணி அடித்துவிட்டால் காற்றும் வரும், எலியும் வராது. கூரையைத் தொடும் முருங்கைக் கிளை இருந்தால் வெட்டிவிடுங்கள், வீட்டெலி அதில்தான் ஏறி வரும். சாக்கடை முற்றத்தில் முடிகிறதென்றால் அதன் வாய்க்கும் ஒரு சல்லடை போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா வழியையும் ஒரே நாளில் அடைத்துவிட்டு, உள்ளே இருப்பவற்றைப் பிடிக்காமல் விட்டால் அவை கதவையும் மின்கம்பியையும் கடிக்கத் தொடங்கும். பொறி வைப்பதும் அடைப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

பதில்: மடியில்பூனை

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு நாட்டுப் பூனை வளர்த்தால் தீராதா? எங்கள் வீட்டில் பூனை வந்த பிறகு எலி வாடையே இல்லை.

பதில்: வரப்பு

பூனை உதவும், மறுக்கவில்லை. ஆனால் வயிறாரப் பால்சோறு தின்னும் பூனை, எலியைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பதையும் கண்டிருக்கிறேன். தவிரவும் பத்தாயத்துக்கு அடியிலும் சுவர்ப் பொந்திலும் பூனை நுழைய முடியாது, சுண்டெலி நுழையும்.

பதில்: இரவுப்பணி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். மருந்து வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்த உங்கள் மனைவிக்கு என் வாழ்த்து. ஆயினும் மருந்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது இதைப் படிக்கக்கூடும்.

நீங்கள் பரணில் வைத்த கட்டி பெரும்பாலும் புரோமாடியோலோனாக இருக்கும். அது இரத்தம் உறையாமல் செய்யும். எலி சாகச் சில நாட்கள் ஆவதால்தான் அது கண்ணுக்கெட்டாத இடத்தில் போய்ச் செத்து நாறியது. அதற்காவது வைட்டமின் கே என்ற மாற்று மருந்து உண்டு. மீதமிருக்கும் கட்டிகளை எண்ணிப் பார்த்து, பரணில் ஒன்றுகூட விட்டுவைக்காமல் எடுத்துவிடுங்கள். எலி கட்டியை இழுத்துக்கொண்டு போய்க் கீழே போட்டுவிடும், குழந்தையின் கைக்கு அது கிடைத்துவிடும். கறுப்புத் தூளாக விற்கும் துத்தநாகப் பாஸ்பைடுக்குக் குறிப்பிட்ட மாற்று மருந்து எதுவும் இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசைக்குத் தமிழ்நாட்டில் தடையே விதித்திருக்கிறார்கள். அதைத் தின்றவர் முதல் இரண்டு நாட்கள் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்து, பிறகு கல்லீரல் செயலிழந்து போவதைப் பார்த்திருக்கிறோம். நெல் மூட்டைக்குள் வைக்கும் அலுமினியப் பாஸ்பைடு மாத்திரையைக் குடியிருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது, ஈரக்காற்று பட்டாலே அது நச்சுவாயுவை விடும். குழந்தை எதையாவது வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு 108ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

புழுக்கையைத் துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். எலிக்காய்ச்சல் அதன் சிறுநீர் வழியாகப் பரவுவது. காலில் வெடிப்போ புண்ணோ இருப்பவர் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பது ஆபத்து. வீட்டில் யாருக்காவது கெண்டைக்கால் வலியுடன் காய்ச்சலும் கண் சிவப்பும் வந்தால், வீட்டில் எலி இருந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பலர் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டார் பசை அட்டையைச் சொன்னால் அதையும் வாங்க வேண்டாம். ஒட்டிக்கொண்ட பிராணி மணிக்கணக்கில் துடித்துச் சாவது மட்டுமல்ல, பல்லியும் மூஞ்சூறும் அதில் மாட்டும், உங்கள் குழந்தையின் கையும் மாட்டும்.

பதில்: கொல்லைப்புறம்

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

பென்சில் கூண்டுக்குள் நுழைந்தது. கூண்டைத் தூக்கி மேலே வைத்துவிட்டு ஆறு அடிபொறிகள் வாங்கினேன். முதல் இரவில் நான்கு சுண்டெலிகள், மறுநாள் மூன்று, பிறகு ஒன்று. கடந்த ஐந்து நாட்களாக எதுவும் விழவில்லை, வேர்க்கடலையும் அப்படியே இருக்கிறது. வீட்டெலிக்குப் பழைய கூண்டையே மூன்று நாட்கள் பூட்டாமல் பரணில் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் ஒன்று விழுந்தது.

ரசமட்டம் அவர்கள் சொன்னது அப்படியே நடந்தது. தொட்டிக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்தால், குழாயைச் சுற்றி என் மூன்று விரல்கள் நுழையும் ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்குபோல ஒரு கறுப்புத் தடம் வேறு, எத்தனை நாளாக உடம்பை உரசிக்கொண்டு வந்துபோயினவோ தெரியவில்லை. கம்பிநார் திணித்துப் பூசியாகிவிட்டது. எரிவாயுக் குழாயை அன்றே மாற்றினேன். மின் கருவியைக் கழற்றிவிட்டேன். பரணில் இரண்டு மருந்துக் கட்டிகள் கிடைத்தன, நான் வைத்தது மூன்று. மூன்றாவதை எலி முழுவதும் தின்றுவிட்டதா, எங்காவது இழுத்துப் போட்டதா என்று தெரியாததால், பரண் சாமான்கள் முழுவதையும் நாளை இறக்கப் போகிறேன்.

அம்மா அடிபொறிக்குச் சம்மதித்தார், ஆனால் காலையில் அதை எடுக்கும் வேலை என்னுடையது என்றும், தன் கண்ணில் காட்டக் கூடாது என்றும் நிபந்தனை போட்டிருக்கிறார். மூஞ்சூறு மட்டும் இன்னும் இரவில் கத்திக்கொண்டு ஓடுகிறது. அதற்கென்று முற்றத்துச் சல்லடையில் ஓர் ஓரத்தை மடக்காமல் விடச் சொல்கிறார் அம்மா. அந்த வழியாகச் சுண்டெலியும் வருமே என்று கேட்டால் பதில் சொல்வதில்லை. ரசமட்டம் அவர்களே, இதற்கு ஏதாவது வழி உண்டா?