‘டான்ஸ் கவர்’ – ‘ஆடல் மறுபாடல்’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒருவர் பாடிப் பதிவான பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடிப் பதிவு செய்வது ‘கவர்’; அதை ஆடுவதற்கேற்பச் செய்தால் ‘டான்ஸ் கவர்’. நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக ஓடும் இந்த இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: உறைப்பாடல், மீள்பாட்டு, துள்ளல் பதிப்பு, நடனக் கலவை, ஆடுபாட்டு. ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, நேற்று இரவு ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளை மாற்றி மாற்றிக் கேட்டேன். பொருளைக் காதால் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுக்கு வரலாம் என்று நினைத்தேன்.

பாட்டு ‘டெய்ன்டட் லவ்’. எழுதியவர் எட் காப். குளோரியா ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பாடகி 1964-இல் பாடிப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்தது. முன்பக்கமும் ஓடவில்லை, பின்பக்கமும் ஓடவில்லை. 1973-இல் ரிச்சர்ட் சர்லிங் என்ற இங்கிலாந்து டிஜே அமெரிக்காவுக்குப் போனபோது இந்தத் தட்டை வாங்கி வந்து, வட இங்கிலாந்தின் நடனக் கூடங்களில் போட்டார். அமெரிக்காவில் விலைபோகாத பழைய ‘சோல்’ (கறுப்பின அமெரிக்கர்கள் வளர்த்த பாட்டு வகை) தட்டுகளைத் தேடிப் பிடித்து, விடிய விடிய ஆடுகிற கூட்டம் அங்கே இருந்தது. அந்த வழக்கத்துக்கு ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர். லீட்ஸ் நகரில் உருவான ‘சாஃப்ட் செல்’ என்ற இருவர் குழு, மார்க் ஆல்மண்டும் டேவிட் பாலும், மைக் தார்ன் தயாரிப்பில் 1981-இல் இதைப் புதிதாகப் பாடி வெளியிட்டது. பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவில் 8-ஆம் இடம் வரைதான் போனது, ஆனால் முதல் நூறு பாட்டுகளின் பட்டியலில் 43 வாரம் இருந்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். குளோரியா ஜோன்ஸ் பாடியதில் டிரம்ஸ் தொடக்கத்திலிருந்தே ஓட்டம்தான். பித்தளைக் குழல்கள் இடையிடையே வெட்டுகின்றன, குரல் அதன் மேல் ஏறி நிற்கிறது. சாஃப்ட் செல் பதிவில் அந்தக் கும்பல் மொத்தமும் இல்லை. எலக்ட்ரானிக் தாளம், குளிர்ந்த சின்தசைசர், நடுவில் தனியாக ஓர் ஆண் குரல். வரி முடிகிற இடத்தில் ‘டிங்க் டிங்க்’ என்று இரண்டு அடி விழும். கேட்பவன் கை தானாகத் தட்டும். சுருதியும் இறங்கியிருக்கிறது: நம் கச்சேரிப் பேச்சில் சொன்னால், ஒரு கட்டைப் பாட்டைக் கீழ் ஐந்து கட்டைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேசையில் விரலால் தட்டி எண்ணிப் பார்த்தேன். பழைய பதிவுதான் வேகம். ஊரெல்லாம் ஆடிய பதிவு அதைவிட மெதுவானது.

அதனால்தான் ‘துள்ளல் பதிப்பு’ எனக்குச் சரிப்படவில்லை. அதை ஆதரித்து இழையில் ஒருவர் எழுதியது:

> ஆட வைக்க வேண்டுமென்றால் வேகம் கூட்டித்தானே ஆக வேண்டும்? துள்ளல் என்பதே பொருத்தம்.

இல்லை ஐயா. நிறைய பாட்டுகளுக்கு அது பொருந்தும், ஆனால் இந்த வகைக்கே பேர்போன பாட்டுக்குப் பொருந்தவில்லை. பேர்போன சான்றுக்கே பொருந்தாத சொல்லை நாம் பட்டியலில் ஏற்றக் கூடாது. ‘துள்ளிசை’ என்பதைப் பாப் இசைக்கே பயன்படுத்துகிறவர்களும் உண்டு. இலங்கையில் ‘பொப்பிசை’ என்பார்கள். அந்தக் குழப்பம் வேறு சேரும்.

‘உறைப்பாடல்’ வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கவர் என்றால் தபால் உறை, தலையணை உறை; அதை அப்படியே பாட்டுக்கு மாட்டிவிட்டால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. ஒரு விஷயம் இதில் சுவையானது. அந்த நார்தர்ன் சோல் டிஜேக்கள், போட்டி டிஜேக்கு இது எந்தத் தட்டு என்று தெரியக் கூடாதென்று, நடுவிலுள்ள லேபிளின் மேல் காகிதம் ஒட்டிப் பொய்ப் பெயர் எழுதி வைப்பார்களாம். அதுதான் நிஜமான உறை. அதற்கும் நாம் பேசும் கவருக்கும் தொடர்பில்லை.

இனி ‘நடனக் கலவை’. இழையில் அதிக ஆதரவு இதற்குத்தான். என் மறுப்பும் இங்கேதான் வலுவானது. கலவை என்பது ரீமிக்ஸுக்கு நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் ‘மறுகலவை’யின் வேர். ரீமிக்ஸும் கவரும் ஒன்றல்ல. ‘எவ்ரிதிங் பட் த கேர்ள்’ குழுவின் ‘மிஸ்ஸிங்’ 1994-இல் வந்தபோது பெரிதாக எடுபடவில்லை. டாட் டெர்ரி என்ற அமெரிக்க டிஜே அதற்கு நடனத் தாளம் போட்டுத் திருத்திய பிறகு பிரிட்டனில் 3-ஆம் இடம், அமெரிக்காவில் 2-ஆம் இடம். அங்கே கேட்பது அந்தக் குழுவின் பாடகி ட்ரேசி தார்னின் அதே குரல், கீழே உள்ள தரை மட்டும் வேறு. அது மறுகலவை. ‘டெய்ன்டட் லவ்’ அப்படி இல்லை. குளோரியா ஜோன்ஸின் குரலில் ஒரு மூச்சுகூட சாஃப்ட் செல் பதிவில் கிடையாது.

இந்த வேறுபாட்டில் சோறும் இருக்கிறது, அதையும் பாருங்கள். கவர் விற்றால் பாட்டை எழுதியவருக்குப் பங்கு போகும், புதிதாகப் பாடியவருக்குப் பதிவின் பங்கு போகும். முதலில் பாடியவர் எழுதியவராக இல்லாவிட்டால், அவர் பெயரை ஊரே சொன்னாலும் அந்த விற்பனையில் அவருக்கு உரிமைப் பணம் இல்லை. மறுகலவையில் பழைய பதிவே உள்ளே இருப்பதால் அதன் உரிமையாளரைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. சாஃப்ட் செல் தட்டின் பின்பக்கத்தில் இருந்ததும் ‘வேர் டிட் அவர் லவ் கோ’ என்ற சுப்ரீம்ஸ் குழுப் பாட்டின் கவர். இரண்டு பக்கமும் பிறர் எழுதிய பாட்டு. இத்தனை விற்ற தட்டில், எழுதியவர் பங்கு என்று அந்த இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. ‘கலவை’ என்று பெயர் வைத்தால் இந்தக் கதை முழுக்க மறைந்துபோகும்.

நம் ஊரில் இந்தக் குழப்பம் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ‘சொர்க்கம்’ (1970) படத்தின் ‘பொன்மகள் வந்தாள்’ பாட்டு ‘அழகிய தமிழ் மகன்’ (2007) படத்தில் திரும்ப வந்தபோது எல்லோரும் ரீமிக்ஸ் என்றுதான் சொன்னோம். பாடியது புதுக் குரல். எங்கள் தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் தம்பியைக் கேட்டேன். “பழைய பாட்டுல பீட் ஏத்துனா ரீமிக்ஸ்தாண்ணே, யார் பாடுனா என்ன?” என்றான். அவன் வேலைக்கு அது போதும். கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுகிற நமக்குப் போதாது.

ஆகவே என் கருத்து இதுதான்: சொல்லின் தலை, பாட்டு மறுபடி பாடப்பட்டதைச் சொல்ல வேண்டும். ஆட்டம் அடைமொழியாக வந்தால் போதும்.

தலைக்கு ‘மீள்’ நல்லதா, ‘மறு’ நல்லதா? மீள்பதிவு என்றால் எழுத்து மாறாமல் திரும்பப் போடுவது, போனதே திரும்பி வருவது. மறுமணம், மறுவாழ்வு என்னும்போது அடுத்து வருவது வேறொன்று. ‘மறுபதிப்பு’ இதற்கு மாறாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்கக் கூடும். உண்மைதான், இந்தக் கோடு அவ்வளவு நேரானதல்ல. ஆனாலும் காதுக்கு மறு என்பதில் புது ஆள், புதுக் கை தெரிகிறது. கவருக்கு ‘மறுபாடல்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடைமொழிக்கு வருவோம். ‘ஆடுபாட்டு’ எனக்குப் பிடித்திருந்தது. ஆடுகளம் போல அழகான வினைத்தொகை. ஆட்டுக்குட்டி நினைவு வரும் என்ற ஆட்சேபம் நிற்காது, ஆடுகளத்தில் யாருக்கும் வருவதில்லை. ஆனால் அது ஆடுவதற்கான எந்தப் பாட்டையும் குறிக்கும், கவர் என்ற செய்தி அதில் இல்லை. ‘ஆட்ட மறுபாடல்’ என்றால் ஆட்ட நாயகன் வந்து நிற்கிறார், கிரிக்கெட் மணக்கிறது. ‘நடன மறுபாடல்’ பிழையில்லை, கொஞ்சம் மேடை வாடை. திருவிழா நோட்டீஸில் ‘ஆடல் பாடல் நிகழ்ச்சி’ என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு ‘ஆடல் மறுபாடல்’ உடனே புரியும். வாயிலும் தானாக உருளும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன். “‘டோன்ட் லீவ் மீ திஸ் வே’ பாட்டை 1975-இல் ஹரால்ட் மெல்வின் குழு பாடியது. தெல்மா ஹூஸ்டனின் ஆடல் மறுபாடல் 1977-இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. கம்யூனார்ட்ஸ் குழுவின் ஆடல் மறுபாடல் 1986-இல் பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது.” தடுக்கவில்லை. (அந்தக் கம்யூனார்ட்ஸ் பதிவைத் தயாரித்தவரும் அதே மைக் தார்ன்தான். அதில் குழுவின் பாடகர் ஜிம்மி சோமர்வில் உச்சத்தில் பாட, சாரா ஜேன் மோரிஸ் என்ற பெண் கீழ்க்குரலில் பாடுவார். ஆண் மேலே, பெண் கீழே. கேட்காதவர்கள் கேளுங்கள்.)

இரண்டு எல்லைகளையும் குறித்துவிடுகிறேன். பொலிவியாவின் லோஸ் கார்காஸ் குழு 1981-இல் வெளியிட்ட ஸ்பானியப் பாட்டின் மெட்டில், போர்த்துக்கேயச் சொற்களோடு 1989-இல் காவோமா குழு பாடிய ‘லம்பாடா’ உலகையே ஆட்டியது. அனுமதி வாங்காததால் வழக்கும் ஆனது. மொழி மாறியதால் அதை நம் பழைய பாட்டுப் புத்தகங்களின் ‘வர்ணமெட்டு’ (இன்ன பாட்டின் மெட்டில் பாடுக என்ற குறிப்பு) பக்கம் வைக்கலாமா, மறுபாடல்தானா? எனக்கு வர்ணமெட்டு என்றே தோன்றுகிறது. அப்புறம், இன்றைக்கு யூடியூபில் பிள்ளைகள் ‘டான்ஸ் கவர்’ என்று போடுவது, பாட்டு அப்படியே ஓட, அதற்குத் தாங்கள் ஆடுவது. அங்கே பாட்டு மாறவில்லை, ஆட்டம்தான் மறுபடி நடக்கிறது. அதற்கு ‘மறுநடனம்’ என்று தனியே வைத்துவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளாது.

முதலில் வந்த பதிவை என்னவென்று சொல்வது என்பது மட்டும் மீதி இருக்கிறது. ‘மூலப்பாடல்’ என்று பலர் எழுதுகிறோம். கம்யூனார்ட்ஸுக்கு மூலம் ஹரால்ட் மெல்வினா, தெல்மா ஹூஸ்டனா என்ற கேள்வி அதில் தீராது. காலத்தால் முந்தியது என்று மட்டும் சொல்லும் ‘முதற்பாடல்’ எனக்கு மேல் என்று படுகிறது. ஞாயிறு இரவு வரை கருத்துகளைப் பார்க்கிறேன். மறுப்பு இல்லையென்றால் மறுபாடல், ஆடல் மறுபாடல், மறுநடனம், முதற்பாடல் நான்கையும் பட்டியலில் ஏற்றுகிறேன். வர்ணமெட்டை அடுத்த இழையில் எடுத்துக்கொள்வோம்.