ஐயாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குப் பாகம் தேடுகிறேன், உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தான் வீட்டில் ஐயா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. இரண்டு கதவு, 948 சிசி. அதை மறுபடி ஓட்ட வேண்டும்.

சின்ன வயதில் லீவு என்றால் தேவகோட்டை வழியாகத் தொண்டிக் கடற்கரைதான். இப்போது கோவளத்தில் பிள்ளைகள் பலகையில் அலையேறுகிறார்கள். பாக் நீரிணையில் அப்படி அலை கிடையாது, முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். ஐயா வேட்டியை மடித்துக் கட்டி, லாரி டியூபில் எங்களை உட்கார வைத்து இழுப்பார். டிக்கியில் அப்பத்தாவின் சீப்புச் சீடை. வீடு திரும்பியதும் உப்பு போக வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவிவிடுவார். சேசிஸ் துருவுக்குத் தப்பியது அதனால்தான் என நம்புகிறேன்.

சரி, விஷயம் இதுதான். பின்பக்கப் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், உடைந்துவிட்டது. இந்த வண்டியில் பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே பட்டைக்கட்டுதான். திருச்சி, மதுரைப் பக்கம் அளவெடுத்து அடித்துத் தரும் பட்டறை தெரியுமா? வேறு வண்டிப் பட்டையை மாட்ட மனமில்லை. கண்ணாடி ரப்பர் பீடிங்கும் வேண்டும். அப்புறம், முன்சக்கரம் திரும்ப உதவும் கீழ் இணைப்பான டிரன்னியனில் யாரோ கிரீஸ் அடைத்திருக்கிறார்கள். அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்து முறியும். அதைக் கழற்றிப் பழக்கமுள்ள மெக்கானிக் இருந்தால் முதலில் அவரைச் சொல்லுங்கள்.