கணினியின் 24 பின் (pin) வயர் கழலவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் இடி மின்னலில் தம்பியின் கணினிக்குப் பவர் சப்ளை போய்விட்டது. ஈப்போ கடைவரை தூக்கிப் போக வண்டி இல்லை. சரி, புதியதை வாங்கி நானே மாற்றலாம் என்று உட்கார்ந்தேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்ச மின்சாரமும் போகட்டும் என்று பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன். வயர்கள் இருந்தபடியே கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா (SATA) வயர்கள் சுலபமாக வந்துவிட்டன. மதர்போர்டுக்கு, அதாவது கணினியின் முதன்மைப் பலகைக்கு, மின்சாரம் தரும் 24 பின் வயர்தான் அசையவே இல்லை. பக்கத்துக் கொக்கியை அமுக்கிக்கொண்டு, வயரைப் பிடிக்காமல் தலையைப் பிடித்துத்தான் இழுக்கிறேன். போர்டே வில்லாக வளைகிறது! பயந்து விட்டுவிட்டேன். ஸ்குரூ டிரைவரால் நெம்பலாமா? அம்மா தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார், அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. பழைய பவர் சப்ளை, புதியது இரண்டிலுமே வயர்கள் பெட்டியிலிருந்து தனியாகக் கழலும். பழைய வயர்களை அப்படியே விட்டு, புதிய பெட்டியில் செருகிவிடலாம் என்கிறான் தம்பி. பிராண்ட் வேறு, பெட்டிப் பக்கத்தில் பின்களின் வரிசை மாறியிருந்தால் ஹார்ட் டிஸ்க் கருகிவிடுமே? அவனை நம்ப வைக்க யாராவது அனுபவத்தோடு சொல்லுங்களேன். படம் கீழே போட்டிருக்கிறேன்.