குடைக்கோரைத் தலை வாய்க்கால்ல விழக்கூடாது

செல்வி: சித்தப்பா, தொட்டியில குடைக்கோரை மண்டிப்போச்சு. வெட்டிப் பின்னாடி வாய்க்கால்ல போட்டுரவா?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம்மா! தண்டு உச்சியில குடை மாதிரி விரிஞ்சு நிக்குதே, அந்தத் தலைதான் நாத்து. ஒவ்வொரு கக்கத்துலயும் மொட்டு இருக்கு. தண்ணியில கிடந்தா ரெண்டு மூணு வாரத்துல வேர் விட்டு, கன்னு தனியா வந்துரும். வாய்க்கால் ஓட்டத்துல எங்க போய் ஒதுங்குதோ அங்க ஒரு தூர்.

செல்வி: கக்கம்னா அந்த இலைகளுக்கு நடுவுலயா?

அத்தை: ஆமா. ஆனா அது இலை இல்ல செல்வி, பூவடிச் செதில். 12லருந்து 25 வரைக்கும் இருக்கும், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நீளம். நிஜ இலை தண்டோட அடியில பழுப்பு உறையாச் சுருங்கிருச்சு. உணவு தயாரிக்கிறதெல்லாம் பச்சைத் தண்டும் குடையும்தான்.

செல்வி: அப்போ பழைய எகிப்துல காகிதம் செஞ்ச பாப்பிரஸ் கோரையும் இதுதானா?

அத்தை: அது இதோட சொந்தம், வேற இனம். அதுல நூல் மாதிரி காம்புங்க கொத்தாத் தொங்கும். இதுல பட்டையா விரிஞ்சு நிக்கும். ரெண்டுமே ஆப்பிரிக்காப் பக்கத்துச் செடி. இது மடகாஸ்கர், அரேபியாவுலயும் உண்டு. அழகுக்குன்னு கொண்டுபோய் ஃபுளோரிடா, ஹவாய், ஆஸ்திரேலியாவுல எல்லாம் தப்பி ஓடைக்கரையில பரவிருக்கு.

செல்வி: சரி, தண்டை மட்டும் தரையோட வெட்டிட்டா?

சித்தப்பா: மறுபடி துளுக்கும். மண்ணுக்குள்ள குட்டையா, கட்டையா ஒரு கிழங்குத்தண்டு இருக்கு. தூரோட எடுக்கணும். தொட்டியைச் சாய்ச்சு முழுசா வெளிய எடு, பழைய ரம்பத்தால நாலாப் பிள. நடுப்பகுதி கிழடு, அதை விட்டுட்டு ஓரத்துத் துண்டை நடு. ஓட்டை இல்லாத தொட்டி, களிமண், மேல ரெண்டு விரல்கடை தண்ணி. அரை நிழல்னாலும் வரும். தண்ணி வத்தினா மட்டும் குடை நுனி பழுத்துக் கருகும்.

அத்தை: பூக்கதிர் பழுப்பாகுறதுக்கு முன்னாடியே தலையைக் கிள்ளிரு. விதை ரொம்பச் சின்னது, தண்ணியிலயே போயிரும்.

செல்வி: வெட்டினதை என்ன பண்றது?

சித்தப்பா: மொட்டைமாடி சிமெண்டுத் தரையில பரப்பு. தண்டு நொறுங்குற அளவுக்குக் காயட்டும், அப்புறம் செடிங்க அடியில மண்ணை மூடி மூடாக்காப் போடு. ஈரமாக் குவிச்சா அங்கயே துளுத்துரும்.

செல்வி: மிச்சத் தூரைக் கிச்சன் தண்ணி போற ஜல்லிப் பாத்தியில நடலாமா? அது தெருக் கால்வாய்ல சேராது.

அத்தை: நடலாம், இதுக்கு ஏத்த செடிதான். ஆனா எண்ணெய்ப்பசை பிடிக்கிற தொட்டி முன்னாடி இருக்கணும், இல்லேன்னா ஜல்லி அடைச்சு நாறும். முத்தின தண்டை அறுத்து வெளிய எடுத்துக்கிட்டே இரு. அங்கயே அழுக விட்டா, அது உறிஞ்சின சத்தெல்லாம் திரும்பத் தண்ணிக்கே போயிரும்.