சொம்பு மலை, டார்ச் சூரியன்: இரவு மட்டும் சரியாக விழ மாட்டேன் என்கிறது

சேலம் அஸ்தம்பட்டியில் ஐந்து பேர் ஞாயிறுதோறும் மொட்டைமாடியில் ரோல்பிளேயிங் கேம் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கற்பனை உலகில் ஆடும் விளையாட்டு) ஆடுகிறோம். அதற்கான உலகத்தைச் சேர்ந்தே உருவாக்குகிறோம். ஆறு மாதம் நன்றாக ஓடியது, இப்போது இரவில் மாட்டிக்கொண்டோம்.

உலகம் தட்டையான வட்டம். நடுவில் ஒரே மலை, புராணத்து மேருவைப் போல. தினமும் சேர்வராயன் மலையைப் பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? சூரியன் உலகின் விளிம்பையொட்டித் தாழ்வாக 24 மணி நேரத்தில் ஒரு சுற்று வருகிறது. மலை மறைத்தால் இரவு. மலையின் அகலம் உலகின் அகலத்தில் கால் பங்கு.

தாம்பாளத்தின் நடுவே பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து, ஃபோன் டார்ச்சை விளிம்போடு சுற்றிப் பார்த்தோம். நிழல் ஒடுங்கிய ஆப்பு மாதிரி விழுகிறது. கணக்கும் அதையே சொல்கிறது: அடிவாரத்தில் சுமார் 14 மணி நேர இரவு, விளிம்பில் 4 மணி நேரம்கூட இல்லை. அந்த விளிம்பில்தான் ஒருவர் இருட்டில் மட்டும் வேட்டையாடும் இனத்தை வைத்திருக்கிறார். மனுஷன் கடுப்பில் இருக்கிறார்.

மலையைப் பெரிதாக்கினோம், மூன்று நாடுகள் காணாமல் போயின. சூரியனை மலையை ஒட்டிச் சுற்றவிட்டோம். விளிம்பில் இரவு நீண்டது, ஆனால் அடிவாரத்தில் விடிவதே அபூர்வமாகிவிட்டது. சூரியனுக்கு மூடி போடலாம் என்றார் ஒருவர். அது ஏமாற்று வேலை.

வரைபடத்தையும் ஒற்றைச் சூரியனையும் மாற்றாமல், அடிவாரம், விளிம்பு இரண்டுக்கும் ஏறக்குறைய 12 மணி நேர இரவு கிடைக்கச் சூரியனின் பாதையை எப்படி அமைப்பது?