பீடி சுத்துறவங்க பத்தி யூஜி ப்ராஜெக்ட்: மூணு டிபார்ட்மென்ட் சேர்ந்து பண்ணலாமா?

ஆலங்குளம்_எக்ஸ்பிரஸ்

எல்லாருக்கும் வணக்கம். நான் பிஏ சோஷியாலஜி ஃபைனல் இயர், ஊரு தென்காசி மாவட்டத்துல. எங்க தெருவுல முக்காவாசி வீட்டுல பீடி சுத்துறாங்க, எங்கம்மாவும் ஆச்சியும் கூட. ரெண்டு பேருக்கும் கழுத்துவலி இடுப்புவலி எப்பவும் இருக்கு, தைலம் தேய்ச்சுட்டு திரும்ப பீடித் தட்டை மடியில வச்சு உக்காந்துருவாங்க. அதனால ப்ராஜெக்ட்டுக்கு "பீடி சுற்றும் பெண்களின் உடல்நலம், வருமானம், சமூக நிலை"ன்னு தலைப்பு குடுத்தேன். கைடு சார் ஓகே சொல்லிட்டாரு, 100 பேருகிட்ட கொஸ்டினர் வாங்கு, பர்சன்டேஜ் போடு, கை ஸ்கொயர் (ரெண்டு விஷயத்துக்கு நடுவுல தொடர்பு இருக்கான்னு பார்க்குற புள்ளியியல் கணக்கு) போடு, முடிஞ்சுதுன்னாரு.

என் ஸ்கூல் ஃப்ரெண்டு ஒருத்தி பிஎஸ்சி நர்சிங் படிக்கா, இன்னொருத்தன் பிஏ ஹிஸ்டரி, ரெண்டு பேரும் வேற வேற காலேஜ். மூணு பேரும் சேர்ந்தே பண்ணலாம்னு ஐடியா. இப்ப என் சந்தேகம் என்னன்னா, இப்படி சேர்ந்து பண்ண விடுவாங்களா, எத்திக்ஸ் கமிட்டின்னு (ஆராய்ச்சில கலந்துக்குறவங்களுக்குப் பாதிப்பு வராம பார்க்குற குழுவாம்) ஏதோ சொல்லுதாங்களே அது யூஜிக்கெல்லாம் வேணுமா, அப்புறம் ஒரு ஜர்னல்ல இருந்து மெயில் வந்துச்சு, பணம் கட்டினா ஒரு வாரத்துல பப்ளிஷ் பண்ணி சர்டிஃபிகேட் தருவாங்களாம், கட்டலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஓபி_சீட்டு

கம்யூனிட்டி மெடிசின் பிஜி இங்க. உங்க நர்சிங் தோழிக்குத்தான் இது முக்கியம், ஆனா நீங்களும் படிங்க.

எத்திக்ஸ் கண்டிப்பா வேணும். ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டு நெறிமுறைல மனுஷங்கள வச்சு செய்யுற உடல்நல ஆராய்ச்சி எல்லாமே கமிட்டி பார்வைக்குப் போகணும், யூஜி பிஜின்னு பிரிவினை கிடையாது. வெறும் கேள்வித்தாள்தானேன்னு நீங்களா முடிவு பண்ண முடியாது, இதுக்கு விலக்கு உண்டா இல்லையான்னு சொல்ல வேண்டியதே கமிட்டிதான். டேட்டா எடுத்து முடிச்சுட்டு பின்னாடி போய் அப்ரூவல் கேட்டா தர மாட்டாங்க, அதனால ஒரு வீட்டுக் கதவையும் தட்டுறதுக்கு முன்னாடி இதை முடிங்க. நர்சிங் காலேஜ்ல கமிட்டி இருக்க வாய்ப்பு அதிகம், ஆர்ட்ஸ் காலேஜ்ல இல்லன்னா அவங்க மூலமாவே மூணு பேரும் சேர்ந்து ஒரே ப்ரோட்டோகால் (ஆராய்ச்சியை எப்படிப் பண்ணப் போறோம்ங்குற திட்ட அறிக்கை) போடலாமான்னு கேட்டுப் பாருங்க. எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிங்ககிட்ட கைநாட்டு வாங்கினா போதாது, படிச்சுக் காட்டினதைப் பக்கத்துல இருந்து பார்த்த, உங்க டீம்ல இல்லாத ஒரு சாட்சி கையெழுத்தும் வேணும்.

அடுத்தது, "உடல்நலம்"னு பொதுவா கேட்காதீங்க, கேட்டா ஒண்ணும் கிடைக்காது. வலியை மட்டும் எடுங்க. 1987ல வந்த நார்டிக் கேள்வித்தாள்னு ஒண்ணு இருக்கு, உடம்பை 9 பகுதியா பிரிச்சு கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, மேல் முதுகு, இடுப்புன்னு போகும், போன 12 மாசத்துல வலி இருந்துச்சா, போன 7 நாள்ல இருந்துச்சா, அதால வேலை நின்னுச்சான்னு கேட்கும். படம் போட்டு வச்சிருப்பாங்க, விரலால தொட்டுக் காட்டினாலே போதும். முக்கியமா ஒப்பிட ஆள் வேணும்! அதே தெருல அதே வயசுல பீடி சுத்தாத பொம்பளைங்களையும் கேளுங்க. இல்லன்னா 50 வயசுல யாருக்குத்தான் இடுப்பு வலிக்காதுன்னு வைவால ஒரே கேள்வில உங்கள மடக்கிருவாங்க.

இருமல் மூச்சிரைப்பு எல்லாம் சேர்த்து "புகையிலைத் தூளால நுரையீரல் பாதிப்பு"ன்னு எழுதிராதீங்க. ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்குற ஸ்பைரோமீட்டர் இல்லாம அதைச் சொல்ல முடியாது.

 

களப்பணி_அக்கா

தம்பி/தங்கச்சி யாரா இருந்தாலும் சரி, நான் சோஷியல் வொர்க் பாடம் எடுக்குறவ, வருஷா வருஷம் இந்த "100 பேர், பர்சன்டேஜ், கை ஸ்கொயர்" பார்த்து பார்த்து கண்ணு பூத்துப் போச்சு. அந்த 100 எங்கிருந்து வந்துச்சுன்னு உங்க சாரைக் கேட்டுப் பாருங்க, கோவப்படாம மெதுவா. உண்மையில அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, 4பிக்யூ வகுத்தல் டி ஸ்கொயர்னு (பி வலி இருக்குறவங்க பங்கு, க்யூ இல்லாதவங்க பங்கு, டி எவ்வளவு பிழை பரவால்லங்குறது). பாதிப் பேருக்கு வலி இருக்கும்னு வச்சுக்கிட்டு, 10 சதவீதம் முன்னபின்ன இருந்தாலும் பரவால்லன்னா 100 வரும், 5 சதவீதத்துக்குள்ள வேணும்னா 400 ஆயிரும். அதுவும் குலுக்கல் முறையில ஆளை எடுத்தாதான் இந்தக் கணக்கே செல்லும். உங்க அம்மாவோட கூட்டாளிங்க 100 பேரை எடுத்துட்டு தென்காசி மாவட்டம் முழுக்க இப்படித்தான்னு எழுதினா செல்லாது. கை ஸ்கொயர் போடும்போது ஏதாவது கட்டத்துல எதிர்பார்க்குற எண்ணிக்கை 5க்குக் கீழ போனா சின்ன எண்ணிக்கைக்கு ஏத்த ஃபிஷர் டெஸ்ட்டுக்கு மாறணும், ஜமோவின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு அதுலயே வரும், எஸ்பிஎஸ்எஸ் திருட்டு காப்பி தேடி அலையாதீங்க.

ஆனா இதைவிட எனக்கு முக்கியமா படுறது வேற. அவங்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னுதான். நீங்க முக்கால் மணி நேரம் பேசினா அவ்வளவு பீடி குறையும், அது அவங்க காசு. அதனால அவங்க சுத்திக்கிட்டே இருக்கட்டும், நீங்க கீழ உக்காந்து கேளுங்க, முடிஞ்சா இலை வெட்டிக் குடுங்க. சாயங்காலம் கடைக்கு பீடி குடுக்கப் போற நேரத்துல போய் நிக்காதீங்க.

வருமானம் எவ்வளவுன்னு நேரா கேட்டா ஒரு ரவுண்டா நம்பர்தான் வரும். பாஸ்புக் (பேங்க் புக் இல்ல, பீடிக் கணக்கு எழுதுற புக்) யார் பேர்ல இருக்கு, அந்த புக்ல சுத்துறது யாருன்னு கேளுங்க (மாமியா பேர்ல புக்கு, சுத்துறது மருமக, பிஎஃப் யாருக்கு?). இலை பத்தலன்னா யாரு காசு போட்டு வெளில வாங்குறது, தரம் பார்க்குற செக்கர் சரியில்லன்னு கழிச்ச பீடி எங்க போகுது, இதெல்லாம் கேட்டா உங்க சமூக நிலை தானா வெளில வரும். ஆனா இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. இப்படிக் கழிக்குறதைப் பத்தி யாராவது குறை சொன்னது இலை குடுக்குற கான்ட்ராக்டர் காதுக்குப் போனா அவங்களுக்கு இலை கிடைக்குறதே நின்னு போகலாம். ஊர் பேரு, கம்பெனி பேரு, தெரு பேரு எதுவும் ரிப்போர்ட்ல வேண்டாம். உங்க சொந்தத் தெருவுல பண்றீங்க, ஸோ பேரை மாத்தினா மட்டும் போதாது, வயசும் பிள்ளைங்க எண்ணிக்கையும் சேர்த்துப் போட்டாலே இது யாருன்னு அடுத்த வீட்டுக்குத் தெரிஞ்சுரும்.

பழைய_பேப்பர்_கடை

ஹிஸ்டரி தம்பிக்காக வந்தேன். அவனை "பீடித் தொழிலின் வரலாறு"ன்னு ஆதிகாலத்துல இருந்து ஆரம்பிக்க விடாதீங்க. வேலை எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சுங்குற ஒரே கேள்வி போதும். 1958ல மெட்ராஸ் மாநிலத்துல பீடி வேலையிடங்களை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வந்துச்சு, அப்புறம் 1966ல மத்திய சட்டம், அதுல வீட்டுல இருந்து சுத்துறவங்களையும் தொழிலாளின்னு சேர்த்தாங்க. முதலாளிங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 1974ல மங்களூர் கணேஷ் பீடி வழக்குல கோர்ட்டு சட்டம் செல்லும்னுருச்சு. அந்தத் தீர்ப்பு நெட்லயே கிடைக்கும், உக்காந்து முழுசா படிக்கச் சொல்லுங்க, தொழில் எப்படி நடந்துச்சுன்னு அதுலயே நிறைய இருக்கு. எழும்பூர் ஆவணக் காப்பகத்துல தொழிலாளர் துறை அரசாணைகள் பார்க்கலாம், தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல பழைய பத்திரிகைகள் இருக்கு. போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணிட்டு காலேஜ் லெட்டரோட போகணும். சென்னைக்கு வர காசு இல்லன்னா பரவால்ல, ஊர்லயே 70 வயசு தாண்டின பாட்டிங்க இருப்பாங்களே, அவங்க முதல்முதலா தட்டைக் கையில எடுத்த கதையை ரெக்கார்ட் பண்ணினா அதுவே பெரிய ஆவணம்.

கட்டண_எழுத்தாளன்

எல்லாரும் ஓவரா பேசுறீங்க, யூஜி ப்ராஜெக்ட்டுக்கு இவ்ளோ சீனா? பணத்தைக் கட்டி பேப்பரைப் போடு தம்பி, பின்னாடி பிஎச்டி இன்டர்வியூல கேப்பாங்க. ஐஎஸ்எஸ்என் இருக்குல்ல அந்த ஜர்னலுக்கு?

களப்பணி_அக்கா

ஐஎஸ்எஸ்என் வெறும் வரிசை நம்பர்ங்க, விண்ணப்பம் போட்டா இலவசமா தருவாங்க, அதுக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்ல. முன்னாடி யூஜிசி கேர் லிஸ்ட்ல (யூஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல்களோட பட்டியல்) இருக்கான்னு பார்க்கச் சொல்லுவோம், 2025ல அதையும் எடுத்துட்டாங்க, இப்ப அவங்கவங்களே பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியதுதான். ஒரு வாரத்துல ரிவ்யூ முடியும்னு சொன்னா யாரும் படிக்கப் போறதில்லன்னு அர்த்தம். ஒருதடவை அங்க போட்டுட்டா அதே கட்டுரையை நல்ல ஜர்னல் எதுவும் எடுக்காது. கட்டாதீங்க.

ஆலங்குளம்_எக்ஸ்பிரஸ்

அக்கா, டாக்டர், ஹிஸ்டரி அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. களத்துக்கு ஒண்ணா போயிட்டு ரிப்போர்ட் மட்டும் தனித்தனியா எழுதலாம்னு பேசியிருக்கோம், அவ வலி, நான் பாஸ்புக், அவன் பாட்டிங்க கதை. என் தலைப்பை "பாஸ்புக் யார் பேரில்?"னு மாத்தணும்னு கைடுகிட்ட கேட்டதுக்கு இது ரொம்பச் சின்னதா இருக்கேங்காரு. அப்புறம் இன்னொண்ணு, எங்கம்மாவையும் ஆச்சியையும் சாம்பிள்ல சேர்க்கலாமா?

ஓபி_சீட்டு

சேர்க்க வேண்டாம். பெத்த பிள்ளை கேட்டா வேண்டாம்னு எப்படிச் சொல்லுவாங்க, அது சம்மதமே ஆகாது. அதுக்குப் பதிலா கேள்வித்தாளை முதல்ல அவங்க ரெண்டு பேருகிட்டயும் வாசிச்சுக் காட்டுங்க, எந்தக் கேள்வி புரியலன்னு அங்கயே தெரிஞ்சுரும். அந்த பதிலைக் கணக்குல எடுக்காதீங்க, அவ்வளவுதான். கைடுகிட்ட களப்பணி அக்கா எழுதினதை அப்படியே காட்டுங்க, சின்னதான்னு அப்புறம் சொல்லட்டும்.